அகத்தியர் அருவிக்கு ஒரு சிக்கன யாத்திரை

முகவுரை

பொருள் மிகுந்தோர் ஊர்கள் பல சென்று காண்பதும், பொருள் குறைந்தோர் அவர் கூறக் கேட்டு மகிழ்வதும் உலக வழக்கு. மாணவராகிய யாம் பெரும்பாலும் கேட்டு மகிழும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆயினும், பொதுமக்கள் ஏறிச் செல்லும் இரயிலிலும் பஸ்ஸிலும் சென்று, ஒரே நாளில் ஓர் அருவியைக் கண்டு, அதில் நீராடி, இரவு உணவுக்கு இல்லம் திரும்புதல் இயலும் என்பதை 2025 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் யாம் செய்து கண்டோம். அதனை எவ்வாறு செய்தோம் என்பதையும், அதனால் யாது கற்றோம் என்பதையும் எம் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இதனை எழுதுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. எம் வகுப்பில் இப்பயணத்துக்கு இசைந்தவர் எழுவர். ஆடவர் நால்வர், மகளிர் மூவர். முதலில் யாம் எண்ணியது வாடகை வேன் ஒன்று அமர்த்திச் செல்வதே. அதன்படி தலைக்கு அறுநூறு ரூபாய் என்று கணக்கிட்டோம். கணக்கிட்ட மறுநாள் எம்முள் ஒருவர், "அன்று எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்றார். அவ்வேலை யாது என எம்மில் எவரும் வினவவில்லை. இரண்டு நாள் கழித்தே அவரது ஊரினளாகிய தோழி ஒருத்தி, "வேலை ஒன்றும் இல்லை, அறுநூறு ரூபாய்தான் இல்லை" என்று உண்மையைக் கூறினாள். அவர் அன்னையார் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துபவர். எமக்கு ஒரு நாட் களிப்பாகிய அத்தொகை அவ்வம்மைக்குப் பல நாட் கூலி. இதனைக் கேட்ட யாம் நாணினோம். ஒருவரை விட்டுவிட்டு அறுவர் செல்லும் பயணத்தை விடுத்து, எழுவரும் செல்லத்தக்க பயணத்தைத் தேடலானோம்.

எம் தமிழ்ப் பேராசிரியர் ஐயா அவர்களிடம் யோசனை கேட்டபோது, "பாபநாசம் போங்கள். அம்பாசமுத்திரம் வரை இரயில், அப்புறம் பஸ். ஆனால் போகுமுன் வ. வே. சு. ஐயர் வரலாற்றைப் படித்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். அருவிக்கும் ஐயர்க்கும் உள்ள தொடர்பு எம்முட் சிலர்க்கு அப்பொழுது விளங்கவில்லை. ஆயினும் ஆசிரியர் சொல்லைத் தட்டாமல் நூல்நிலையம் சென்று படித்தோம். அப்படிப்பே பின்னர் எமக்குப் பயன்பட்டது.

வழித்திட்டமும் செலவும்

சொந்த வண்டியில் செல்வோர் தாம் விரும்பிய வேளையில் புறப்படலாம். பொது வண்டியில் செல்வோரோ வண்டியின் வேளைக்குத் தாம் அடங்குதல் வேண்டும். ஆதலின் இத்தகைய பயணத்தைத் திட்டமிடுங்கால், திரும்பும் வண்டியை முதலில் அறிந்துகொண்டு பின்னரே செல்லும் வண்டியை அறிதல் நன்று. மாலையில் எவ்வண்டியைத் தவறவிட்டால் இரவு தங்க நேருமோ, அதற்கு முந்திய வண்டியையே நம் வண்டியாகக் கொள்ளல் வேண்டும். கடைசி வண்டி என்பது ஆபத்துக்கு உதவும் வண்டி. அதனை இன்பத்துக்குச் செலவிடலாகாது.

எம் செலவுக் கணக்கை ஈண்டுத் தருகின்றோம். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி இரயில் நிலையம் வரை நகரப் பஸ்ஸில் சென்றோம். சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர்க்குக் கட்டணமின்மை 2021 ஆம் ஆண்டு தொடங்கி நடந்து வருதலின், தோழியர் மூவர்க்கும் அவ்வழியிற் செலவு இல்லை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் சாதாரண வகுப்புச் சீட்டு பத்து ரூபாய். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசத்துக்குப் பஸ். போதற்கும் வருதற்கும் உரிய சீட்டுகளோடு, சோதனைச் சாவடியில் செலுத்தியது, தேநீர் அருந்தியது ஆகிய அனைத்தையும் கூட்டியும் ஒருவர்க்கு நூற்றைம்பது ரூபாயைத் தாண்டவில்லை. உணவுக்குச் செலவு இல்லாமை பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

எடுத்துச் செல்லவேண்டியவை சிலவே: மாற்றுடை ஒன்று, துவர்த்து ஒன்று, உலோகக் குப்பியில் குடிநீர், துணிப்பை, சில்லறைக் காசு. பாபநாசத்துக்கு மேலுள்ள மலைப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. 1988 ஆம் ஆண்டு அமைந்த இதுவே தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம். ஆதலின் நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் சாவடியிற் சோதிப்பர். அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்வது நலம்.

இரயில் வழியிற் கண்டவை

காலை முதல் வண்டியில் ஏறினோம். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். செங்கோட்டை மலையைக் கடந்து கொல்லம் வரை 1904 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பழைய மீட்டர் பாதையின் ஒரு பகுதி இது. 2012 ஆம் ஆண்டில் தென்காசி வரை அகலப் பாதையாயிற்று. பேட்டை கடந்ததும் இருபுறமும் வயல்கள் விரிந்தன. வானும் வயலும் சேருமிடத்தில் பொதிகை மலைத்தொடர் நீலமாய் நின்றது.

அவ்வண்டியில் எம் பலகையில் எம்மோடு அமர்ந்திருந்தோர் யாவர்? மருத்துவமனைக்குச் சென்று மீளும் முதியவர் ஒருவர். நெசவு நூல் மூட்டையோடு வீரவநல்லூர் செல்பவர் ஒருவர். வெறுங்கூடையோடு கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பும் அப்பள வியாபாரக் கிழவி ஒருத்தி. கிழவி எம் தோழியரை நோக்கி, "எங்கட்டி இம்புட்டுப் பேரும் போறீய?" என்று வினவினாள். அருவிக்கு என்றதும், "அந்தத் தண்ணியிலதான் எங்க அப்பளத்துக்கு ருசியே. குளிச்சிட்டுச் சும்மா வந்திராதீய, ஒரு வாய் குடிச்சிட்டு வாங்க" என்றாள். வேனில் சென்றிருப்பின் இவ்வுரையை எவர் எமக்குக் கூறியிருப்பார்?

சேரன்மகாதேவி நிலையத்தில் வண்டி நின்றபோது யாம் படித்துச் சென்ற வரலாறு நினைவுக்கு வந்தது. வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881 ஆம் ஆண்டிற் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்று, விடுதலை வேட்கையாற் பட்டத்தைத் துறந்து, 1910 ஆம் ஆண்டிற் புதுச்சேரி அடைந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். கம்பராமாயணத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். குளத்தங்கரை அரசமரம் என்னும் கதையால் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுபவர். இத்தகையார் 1920-களில் இச்சேரன்மகாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்று நடத்தினார்.

அக்குருகுலம் உயர்ந்த நோக்கத்தோடு எழுந்தது. கல்வியும் கைத்தொழிலும் தேசபக்தியும் ஒருங்கே ஊட்டப்பெறும் இடமாக அது எண்ணப்பெற்றது. ஆயினும் அங்குப் பயின்ற பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு அளிக்கப்படுகின்றது என்னும் செய்தி வெளிப்பட்டது. பொதுப் பணத்தால் நடக்கும் கல்விச்சாலையில் உணவில் வேற்றுமை கூடாது என்று டாக்டர் வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி முதலியோர் வன்மையாகக் கண்டித்தனர். 1924, 1925 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே அவ்வழக்கு அசைத்தது. ஐயர் குருகுலத் தலைமையினின்று விலகினார். கற்றறிந்த பெரியார் ஒருவரின் நல்ல முயற்சி, எல்லாரையும் ஒரு பந்தியில் அமர்த்த இயலாமையால் உடைந்தது. இதனைப் படித்தபொழுது பழைய வரலாறு என்றே எண்ணினோம். அன்று அந்நிலையத்தில் நின்றபோது, எம் அறுநூறு ரூபாய்க் கணக்கும் ஒரு பந்தி வேற்றுமையே அன்றோ என்று எம்முள் ஒருவர் மெல்லக் கூறினார். மற்றையோர் மறுமொழி கூறவில்லை. சாளரத்தின் அருகே அமர்ந்திருந்த நண்பரும் மலையையே நோக்கியிருந்தார்.

ஆறும் அதன் தொழிலும்

கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே வண்டி தாமிரபரணியைக் கடக்கின்றது. பொதிகையிற் பிறந்து, பாபநாசத்திற் சமவெளி சேர்ந்து, நெல்லையைத் தழுவி, புன்னைக்காயலின் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் இவ்வாறு, தமிழ்நாட்டில் தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடல் சேர்வது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டனாலும் பயன்பெறுதலின் ஏனைய ஆறுகள் வற்றும் மாதங்களிலும் இதில் நீர் காணலாம். குற்றாலத்துக்குச் சாரற் காலத்தை நோக்கிச் செல்லல் வேண்டும். அகத்தியர் அருவிக்கோ பெரும்பாலும் எம்மாதமும் செல்லலாம் என்பதன் காரணம் இதுவே.

இவ்வாற்றின் குறுக்கே கட்டப்பெற்ற பழைய அணைக்கட்டுகள் எட்டு. அவற்றுட் கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது. மற்றையவை அதற்கு முந்தியவை. எம் பாளையங்கோட்டை வழியே ஓடும் பாளையங்கால்வாய்க்கும் இவ்வாறே நீர் தருகின்றது. அன்றாடம் யாம் பாலத்தின்மீது நின்று காணும் கலங்கிய கால்வாய் நீரின் தூய இளமைப் பருவத்தைக் காணவே அன்று யாம் சென்றோம் எனல் பொருந்தும்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் பாபநாசம் பஸ் ஏறினோம். வழியில் விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலை உள்ளது. 1880-களில் ஹார்வி சகோதரர் இவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம், மலையிலிருந்து விழும் நீரின் ஆற்றலால் எந்திரங்களை இயக்கலாம் என்பதே. பின்னர் மலைமேல் பாபநாசம் அணை கட்டப்பெற்று, 1944 ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 143 அடி வரை நீர் தேக்கும் அவ்வணையே கீழுள்ள வயல்களின் உயிர்நிலை. ஒரே நீர் விளக்கேற்றி, நெல் விளைவித்து, குடிநீருமாகி, இடையில் எம் போன்றோர் நீராட அருவியாகவும் விழுகின்றது.

அருவியும் கல்யாண தீர்த்தமும்

பாபநாசம் கோயிலின் முன் ஆறு படித்துறையைத் தழுவிச் செல்கின்றது. அங்கிருந்து சாவடி கடந்து மலைச்சாலையில் ஏறினோம். இருமருங்கும் மரங்கள் அடர்ந்திருந்தன. குரங்குகள் எம் துணிப்பைகளையே நோக்கின. அருவியின் ஒலி முதலிற் காற்றின் ஒலிபோற் கேட்டு, பின்னர் மழையின் ஒலியாகி, இறுதியில் ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேளாதவாறு பெருகிற்று. ஆடவரும் மகளிரும் தனித்தனியே உரிய இடங்களில் நீராடினோம். நீர் தலைமேல் விழுந்த கணத்தில் மூச்சு நின்று, பின் தோள்களிலிருந்து பல நாட் சுமை இறங்கியது போன்ற ஓர் இலேசு பிறந்தது. அதனைச் சொல்லால் விரித்தல் வீண். சென்று நின்றோர் அறிவர். அப்பளக் கிழவியின் சொற்படி ஒரு வாய் நீரும் பருகினோம்.

அருவிக்கு மேலே உள்ளது கல்யாண தீர்த்தம். சிவபெருமானின் திருமணத்தின்போது தென்திசைக்கு அனுப்பப்பெற்ற அகத்திய முனிவர்க்கு இவ்விடத்தில் மணக்கோலக் காட்சி கிடைத்தது என்பது வழிவழி வரும் கதை, பெயர்க்காரணமும் அதுவே. படிகள் ஏறி அங்குச் சென்றோம். பாறைகளுக்கு இடையே நீர் கரும்பச்சை நிறத்ததாய் அசைவின்றி இருந்தது. அதன் ஆழம் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே அவ்வளவு முழங்கும் நீர் மேலே இவ்வளவு அமைதியாய் இருத்தல் கண்டு வியந்தோம்.

இவ்விடத்தில் எம் அறியாமையையும் கூறல் வேண்டும். எம்முள் இருவர், எச்சரிக்கைப் பலகையைக் கடந்து நீர் விளிம்பிலுள்ள பாறைமேல் நின்று கைப்பேசியிற் படம் எடுத்துக்கொள்ள விரும்பினர். வெயில் நன்கு காய்ந்தது, நீரோ அசையவில்லை, பத்தே அடி தொலைவு. ஒருவர் கால் வைத்தும் விட்டார். அப்பொழுது, பயணத்துக்கு வரமாட்டேன் என்று முதலிற் கூறிய அந்நண்பர் அவர் கையைப் பற்றி, "ஐயர் போனது இங்கேதான்" என்றார்.

ஆம், 1925 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், குருகுல மாணவரோடும் தம் மகள் சுபத்திரையோடும் ஐயர் இவ்வருவிக்கு வந்தார். நீரைக் கடக்க முயன்ற மகள் வெள்ளத்தில் வீழ்ந்தாள். அவளைக் காக்கத் தந்தையும் குதித்தார். இருவரும் மீளவில்லை. அப்பொழுது அவர்க்கு வயது நாற்பத்து நான்கு. உடற்பயிற்சியிற் பெயர்பெற்ற வீரர் அவர். ஆங்கிலேய அரசாங்கத்தின் ஒற்றர்க்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர். அத்தகையாரையும் இச்சிறு நீர்நிலை விடவில்லை.

கால் வைத்தவர் திரும்பினார். அங்கிருந்த முதிய காவலர் ஒருவர் எம்மை அணுகி, சினமின்றிக் கூறியதை அவர் மொழியிலேயே எழுதுகின்றோம்: "தம்பி, மேல காட்டுல மழை பெய்யும், இங்க வெயில் அடிக்கும். தண்ணி சொல்லிட்டு வராது." இதன் உண்மையைச் சிந்திப்பார் அறிவர். அருவி என்பது நம் கண்முன் உள்ள பாறை மட்டும் அன்று. காணாத தொலைவில் விரிந்த காடு முழுவதும் அதன் நீர்ப்பிடிப்பு. அங்குப் பெய்யும் மழை சரிவான பாறைகளில் தங்காது விரைந்து இறங்கி ஒரே வாயில் வழியே வெளிப்படும். 2024 ஆம் ஆண்டு மே மாதத்திற் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரைக் கொண்டு சென்றதை நாடு அறியும். ஆதலின் நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், அருவியின் ஒலி மாறினாலும், வானம் தெளிவாயிருப்பினும் உடனே கரையேறல் வேண்டும். காவலர் தடுக்கும் நாளில் வந்த செலவை எண்ணி வருந்தாமல், கண்டு மட்டும் திரும்பல் வேண்டும்.

பகிர்ந்து உண்ட சோறு

நண்பகலில் ஆற்றங்கரை மர நிழலில் அமர்ந்தோம். உணவுக்குச் செலவின்மையைப் பின்னர்க் கூறுவாம் என்றோம் அன்றோ? அந்நண்பரின் அன்னையார் வைகறையில் எழுந்து எழுவர்க்கும் புளிச்சோறும், தேங்காய்த் துவையலும் ஆக்கி, வாழையிலையிற் பொதிந்து அனுப்பியிருந்தார். யாம் கேட்கவில்லை; அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. பயணச்சீட்டுக்கு மட்டும் மகனிடம் காசு கொடுத்து, "சாப்பாடு நம்ம வீட்டுதுன்னு சொல்லு" என்றாராம்.

இவ்வாற்றின் கரையில் நெல் விளைவது இன்று நேற்று அன்று. சிவகளையில் முதுமக்கள் தாழியிற் கிடைத்த நெல்லின் காலம் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அத்துணை நெடிய மரபின் சோற்றை இலை விரித்து உண்டோம். எழுவரும் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு குலத்தினர், சமயத்தாலும் ஒன்றல்லோம். ஒருவர் இலையிற் குறைந்ததை மற்றவர் நிரப்பினர். ஐயரின் குருகுலம் எங்கு உடைந்ததோ, அவ்விடத்திலிருந்து சில மைல் தொலைவில், நூறாண்டு கழித்து, பீடி சுற்றும் அன்னை ஒருவரின் கைச்சோறு எம்மை ஒரு பந்தியில் அமர்த்திற்று. எம் முதற் கணக்கின்படி வேனில் வந்திருப்பின் அச்சோறும் இல்லை, அந்நண்பரும் இல்லை, பாறைமேற் கால் வைத்தவரைத் தடுத்த கையும் இருந்திராது. இதனை எண்ணியபோது எம்முட் சிலர்க்குச் சோறு விழுங்குதல் அரிதாயிற்று.

முடிவுரை

இலைகளை எடுத்துச் சென்று உரிய தொட்டியில் இட்டு, திட்டப்படி பஸ் ஏறி, அம்பாசமுத்திரத்தில் மாலை வண்டிக்கு முக்கால் மணி முன்னரே வந்து காத்திருந்தோம். இன்னும் சற்று நேரம் அருவியில் நின்றிருக்கலாமே என்று ஒருவர் குறைபட்டார். ஆயின் வண்டி வந்தபோது நிற்கவும் இடமின்றிக் கூட்டம் இருந்தது. முன்னரே வந்தமையால் ஏறினோம். முதியோர்க்கு இடம் விட்டு நின்றுகொண்டே வந்தோம். விளக்கு வைக்கும் வேளையில் திருநெல்வேலி சேர்ந்தோம்.

இப்பயணத்தால் யாம் கற்றது இதுவே. சிக்கனம் என்பது இன்பத்தைக் குறைத்துக்கொள்ளுதல் அன்று; அவ்வின்பத்துள் இன்னும் ஒருவர்க்கு இடம் உண்டாக்குதல். பொது வண்டியில் ஏறுவோர் காலத்துக்கு அடங்குகின்றனர். அயலார்க்கு இடம் தருகின்றனர். தம் விருப்பமே பெரிதன்று என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் கற்கின்றனர். அவ்வடக்கத்தை அருவிக்கரை வரை கொண்டு செல்வோரை அவ்வடக்கமே காக்கும். நண்பர்காள், நீவிரும் ஒரு நாள் சென்று வருக. செல்லுமுன் ஒரு கணக்குப் போடுக. அக்கணக்கில் எவரேனும் சொல்லாமல் விலகினால், அவரை விட்டுவிடாமல், கணக்கைத் திருத்துக.